மடைக்குடும்பன் மக்களும் உப்புப் பாத்தியும்

தூத்துக்குடி என்று சொன்னதும் முத்து என்கிறார்கள். நான் படித்த பள்ளிக்கூடப் பாடத்தில் கொற்கை, பாண்டியன், முத்து. அதற்கடுத்துப் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரன். அதற்கடுத்து வ.உ.சி.யின் கப்பல். இவ்வளவுதான் இந்தக் கரையோட வரலாறு. முத்துச் சிப்பி எடுக்க அரசாங்கம் கடைசியாக ஆள் இறக்கியது 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்பில். அதோடு முத்துக்குளி முடிந்துபோனது. ஆனாலும் ஊருக்குப் பேர் முத்துநகர், மெட்ராஸ் போகிற ரயிலுக்கும் பேர் முத்துநகர். கருக்கலில் மூணு மணிக்கு எழும்பி, தூக்குவாளியில் கஞ்சியும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணியும் எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் போகிற இடம் உப்பளம். அந்த அளத்துக்கு வரலாற்றில் ஒரு பத்தி கிடையாது.

உப்பளத்துக்குள் இறங்கிய இந்த ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், வந்த பிறகு அவர்களை யார், எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்பதுதான் என் கேள்வி. அம்மா வழி, அப்பா வழி ரெண்டு பக்கமும் அளத்தில் வெந்தவர்கள் என்பதால் எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

முத்துக் கதையையே முதலில் கொஞ்சம் கீழேயிருந்து பார்ப்போம். கி.பி. முதல் நூற்றாண்டில் பேர் தெரியாத ஒரு கிரேக்கன் எழுதிய ‘பெரிப்ளூஸ்’, கொற்கையைக் கொல்கி என்கிறது. பாண்டியனின் முத்துக்குளி அங்கே நடக்கிறது என்று சொல்கிற அதே இடத்தில், குளிக்கிறவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் சொல்கிறது. பாடப்புத்தகம் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது. 13ஆம் நூற்றாண்டு முடிவில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவை வாய்கட்டுகிற மந்திரக்காரனுக்கு இருபதில் ஒரு பங்கு என்று எழுதி வைத்தான். 1658இல் டச்சுக்காரன் போர்ச்சுக்கீசியனை விரட்டினான். அப்புறம் இங்கிலீஷ்காரன் வந்தான். 19ஆம் நூற்றாண்டு முடிவில் நடந்த குளிப்புகளில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் போனவனுக்கு ஒரு பங்கு.

இதைச் சொல்வது பரதவ மக்களைக் குறைவாகப் பேசுவதற்கில்லை. அவர்கள் உடம்பும் அந்தக் கடலில் தேய்ந்தது. ஆனால் அவர்களுக்கு ஏட்டில் ஒரு இடம் கிடைத்தது. 1530களில் அவர்கள் கத்தோலிக்கர் ஆனது பதிவில் இருக்கிறது. 1542இல் சவேரியார் வந்தது பதிவில் இருக்கிறது. மூச்சடக்கிப் போனவர்கள் என்று உலகமே அவர்களை அறியும். இதே பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இன்னொரு ஜனமும் மூச்சடக்கித் தண்ணிக்குள் போனது. அதை எந்தப் பயணியும் எழுதவில்லை.

அதைச் சொல்ல முதலில் மண்ணைச் சொல்லணும். பொதிகை மலையில் பெய்கிற மழைதான் தாமிரபரணி. மலையில் அப்படிப் பெய்தாலும் கடற்கரையில் மழை கம்மி. வருஷத்துக்குச் சுமார் 65 சென்டிமீட்டர், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில். மீதி மாசமெல்லாம் வெயிலும் காத்தும். ஆறு ஆயிரம் ரெண்டாயிரம் வருஷமாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளியது. துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வாழைத்தோட்டத்துக்கு நடுவில் கிடக்கிறது. பிறகு காயல் துறைமுகமானது, அதுவும் தூர்ந்தது. பிறகு வடக்கே தூத்துக்குடி. ராஜாக்கள் மாறியதால் துறைமுகம் மாறவில்லை, வண்டலால் மாறியது.

இந்த ஜில்லாவில் மண் நாலு தினுசு. வடக்கே விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். தெற்கே சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் செம்மண் தேரி, பனை. நடுவில் ஆத்துப்பாசனம். கடலோரத்தில் உவர். நம்ம ஜனம் நாலிலும் வேலை செய்தது. பத்திரம் மட்டும் வேறு ஆட்கள் பேரில்.

தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டு. ஏழு பழசு. எட்டாவது, கடைசி, ஸ்ரீவைகுண்டம். அதை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கட்டினான். அங்கிருந்து வடகால், தென்கால் என்று ரெண்டு வாய்க்கால் பிரியும். ரெண்டும் சேர்ந்து 25,560 ஏக்கர் என்பது கணக்கு. வழியெல்லாம் குளம். தெற்கே கடம்பாகுளம் மாதிரி பெரிய குளங்கள். வடக்கே பேய்க்குளம், ஆறுமுகமங்கலம், கடைசியில் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கோரம்பள்ளம். நஞ்சை நிலம் பிராமணர்களிடம், வேளாளர்களிடம், கோயில்களிடம், மடங்களிடம் இருந்தது. வயலில் இறங்கியவர்கள் பள்ளர்கள். 2021இல் அரசாங்கம் தேவேந்திரகுல வேளாளர் என்று பேர் மாற்றியதே, அந்த ஜனம். 1843இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் படியாள் படியாளாகவே இருந்தான்.

தண்ணியைப் பங்கு வைக்கிற வேலை மடைக்குடும்பனுடையது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எந்த மடையை எப்போது அடைக்கணும், கரையில் எங்கே கசிகிறது எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். பழைய குளங்களில் தூம்பு குளத்துக்கு அடியில் இருக்கும். கல்லில் ஓட்டை, ஓட்டைக்கு அடைப்பு. குளம் முட்ட நிறைந்து கரை நடுங்குகிற கார்த்திகை ராத்திரியில் அந்த அடைப்பைப் பிடுங்க ஒருத்தன் மூச்சடக்கி உள்ளே போகணும். தண்ணி இழுக்கிற இழுப்பில் மாட்டினால் ஆள் மேலே வரமாட்டான். எங்க தாத்தா வடகாலின் ஒரு கடைமடை ஊரில் மடைக்குடும்பன். அவர் காலத்தில் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. அவங்க அப்பா காலத்தில் முங்கித்தான் திறந்தார்களாம். முங்கப் போகுமுன் வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்களாம். “வருவேன்னு சொல்லமாட்டாரு, போறேன்னுதான் சொல்லுவாரு” என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முத்துக்குளிக்குக் கடல்கட்டி உண்டு, பங்கு உண்டு, துரைமார் எழுதிய அறிக்கை உண்டு. மடைக்குளிக்கு அறுப்புக் களத்தில் கொஞ்சம் நெல். தண்ணியைத் திறந்துவிட்டவன் பேரில் அந்தத் தண்ணி பாய ஒரு செண்டு இல்லை.

கோடையில் ஆறு இளைத்தால் முதலில் காய்வது கடைமடை. அதனால் இந்த ஊர்களிலிருந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதே வருஷம் தாது வருஷப் பஞ்சம் தொடங்கி 1878 வரை கொன்றது. ரயிலும் பஞ்சமும் ஒன்றாக வந்தது இலங்கைத் தோட்டத்துரைமார்களுக்கு வசதியாகப் போயிற்று. காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் பிடித்த கங்காணிகள் இந்த வழியாகக் கூட்டங்கூட்டமாக ஏற்றினார்கள். தூத்துக்குடிக்கு மேற்கே தட்டப்பாறையில் முகாம் போட்டு, நோய் இருக்கிறதா என்று ஆடுமாடு மாதிரிப் பார்த்து, அப்புறம் கப்பலில் ஏற்றினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்புகிறவரை கொழும்புக்குப் பெரிய வாசல் தூத்துக்குடிதான். இந்தத் துறைமுகத்தின் பஞ்சு ஏற்றுமதி பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மனுச ஏற்றுமதியை ரெண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

கப்பல் ஏறாதவர்கள் அளத்தில் இறங்கினார்கள்.

உப்பு இங்கே புதுசு இல்லை. உப்பு விளைவிக்கிறவர்களை ஏர் பிடிக்காத உழவர் என்கிற அர்த்தத்தில் நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1805இல் கம்பெனிக்காரன் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கினான். 1930இல் உப்புக்காக வேதாரண்யத்துக்கு நடந்தார்கள், 1947இல் உப்பு வரி போனது. உப்பு தின்கிறவனுக்கு விடுதலை கிடைத்தது சரி. உப்பு வாருகிறவனைப் பற்றி அன்றைக்கும் பெரிதாகப் பேச்சு இல்லை. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார், நம்ம ஸ்ரீதர கணேசன் ‘உப்பு வயல்’ எழுதினார். நாவல்காரர்கள் பார்த்ததை வரலாற்றுக்காரர்கள் பார்க்கவில்லை.

மழை கம்மி, வெயில் கடுமை, காத்து பலம், தட்டையான களிமண். நெல்லுக்குச் சாபமான இந்த நாலும் உப்புக்கு வரம். இன்று வேம்பாரிலிருந்து ஆறுமுகநேரி வரை கரையோரமாகச் சுமார் 25 ஆயிரம் ஏக்கர் உப்பளம். நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம். கடல்தண்ணியைவிட நிலத்தடி உவர்த்தண்ணிதான் இங்கே அதிகம். போர் போட்டு இழுத்துத் தெப்பத்தில் தேக்குவார்கள். வெயிலில் வற்றி வற்றித் தண்ணி கனக்கும். கனம் பார்க்கக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. 24, 25 டிகிரி வந்ததும் பாத்தியில் விடுவார்கள், மணி பிடிக்கும். 29க்கு மேல் போனால் கசப்பு இறங்கிவிடும். அந்த மிச்சத் தண்ணியை வெளியேற்றணும். டிகிரி குழாய் இல்லாமலே எங்க பெரியம்மா பாத்தியோரம் நின்று நிறத்தைப் பார்த்து, விரலை நனைத்துச் சொல்லிவிடுவார். இதைப் படிப்பு என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்று கவனிக்கணும். அளத்தில் புழங்குகிற சொல்லைப் பாருங்கள்: பாத்தி, வரப்பு, மிதி, விளைச்சல். அத்தனையும் வயல் சொல். மழை முடிந்து பொங்கல் கழிந்ததும் பாத்தியில் சேறு வாரி, வரப்பு கட்டி, காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கல் மாதிரி இறுக்கணும். சேத்தை மிதிக்கத் தெரிந்த கால், நீர்மட்டம் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். தலைமுறை தலைமுறையாக நஞ்சையில் பழகிய உடம்பு இந்தக் கரையில் தயாராக இருந்தது. உப்பு முதலாளி கூலி மட்டும் கொடுத்தார், பயிற்சியை நம்ம பாட்டன் பூட்டன் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

புதுத் துறைமுகம் திறந்தது 1974 ஜூலையில். அப்போது நான் கைக்குழந்தை. எங்க ஊரில் பிசானம் கைவிட்ட வருஷம் அம்மாவும் பெரியம்மாவும் அளத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு பருவத்துக்கு என்று போனவர்கள் முப்பது வருஷம் இருந்துவிட்டார்கள். ஆண்கள் வாருபலகையால் உப்பை வாரிக் குவிப்பார்கள். பெண்கள் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் தட்டணும். பெண்ணுக்குக் கூலி குறைவு, நடை அதிகம். உப்புத்தண்ணி வழிந்து நெஞ்சு வரை அரிக்கும். காலில் விழுந்த வெடிப்பு மழைக்காலத்தில்தான் மூடும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. அதனாலேயே பெண்கள் தண்ணி குடிக்கமாட்டார்கள். “வயல்ல குனிஞ்சா சேத்தைப் பாக்கோம். அளத்துல குனிஞ்சா சூரியனையில்லா பாக்கோம்” என்பார் அம்மா. வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நாற்பத்தஞ்சு வயசில் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நானும் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு தை மாசங்களில் பாத்தி மிதிக்கப் போயிருக்கிறேன். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அந்த நாளெல்லாம் ‘வரவில்லை’.

நாங்கள் அளத்துக்குப் போன பிறகு ஊரில் தண்ணி என்ன ஆனது? 1970களில் தூத்துக்குடியைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்தன. ஸ்பிக் உரத் தொழிற்சாலை, கனநீர் ஆலை, 1979இல் அனல்மின் நிலையம். இவற்றுக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து நாளொன்றுக்கு 2 கோடி காலன் தண்ணி எடுக்கும் திட்டம் வந்தது. லிட்டரில் சுமார் 9 கோடி. வயலுக்கென்று கட்டிய கடைசி அணைக்கட்டு அது. அணைக்கட்டே மணல்மேடிட்டுக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் 2015இல் தூர்வாரத் தொடங்கினார்கள். நெல்வயல் வாழையானது. வாழை முதலாளிக்கு லாபம், சரி. ஆனால் நாற்று நட, களை எடுக்க, அறுக்க என்று நெல்லில் பெண்களுக்கு இருந்த வேலை நாள் வாழையில் இல்லை. அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று தேடினால் கிழக்கே போகிற பாதையில் தூக்குவாளியோடு நடப்பது தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்கக்கூடாது. நமக்குக் கூலி தருகிற அளமும் நம்ம கிணத்துக்கு நல்லது செய்யவில்லை. கரையோரத்தில் நிலத்தடித் தண்ணியை இழுக்க இழுக்க உப்பு உள்ளே ஏறும். எங்க தெருக் கிணறு நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது குடிக்கிற கிணறு, பிறகு துவைக்கிற கிணறு, பிறகு குப்பை போடுகிற கிணறு. குடிக்கிற தண்ணியை லாரியில் விலைக்கு வாங்கி, அதையே பாட்டிலில் ஊற்றி, உப்புத்தண்ணிக்கு வேலைக்குப் போனோம்.

கடலுக்குள்ளேயும் இதே கதை. மன்னார் வளைகுடாவில் 21 தீவு. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பவளப்பாறையை வருஷக்கணக்காக வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போனது. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2014 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அலையைத் தடுத்த பாறை போனால் அலை கரைக்கு வரும். கரையில் முதலில் இருப்பது மீனவர் குடிசையும் உப்புப் பாத்தியும்.

இந்த ஆற்றைப் பற்றி எழுதும்போது 1999 ஜூலை 23ஐ எழுதாமல் போக முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். மாஞ்சோலை இந்த ஆற்றின் மலைத்தலை. நாங்கள் கடைமடை. அதற்கு நாலு வருஷம் முன்னால், 1995 ஆகஸ்ட் 31இல், கரிசலில் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியபோது குடிக்கிற கிணத்திலும் விஷத்தைப் போட்டார்கள் என்று ஜனங்கள் சொன்னார்கள். 2018 மே 22இல் ஸ்டெர்லைட் ஆலையை மூடச்சொல்லிக் கலெக்டர் ஆபீசுக்குப் போனவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் போனார்கள். அந்தக் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம் கோரம்பள்ளம், வடகாலின் கடைசிக் குளத்து ஊர். காத்தையும் தண்ணியையும் பற்றி இந்தக் கரையில் ஜனங்கள் வாய் திறந்த இடங்கள் இவை.

முன்னால் நற்றிணையைக் கவனத்தில் வைக்கச் சொன்னேன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கவிஞனுக்கு உப்பு விளைவிக்கிறவன் உழவன் என்று பட்டது. இன்றைய அரசாங்கக் கணக்கில் அவன் உழவன் இல்லை. வறட்சி வந்தால் நிவாரணம் ஏக்கருக்கு, அதாவது நிலம் உள்ளவனுக்கு. மீனவர்களுக்கு மீன்பிடி தடைக்காலத்தில் உதவித்தொகை உண்டு, அது போராடி வாங்கியது, வேணும். உப்பளத் தொழிலாளிக்கு ஐப்பசி முதல் மூணு மாசம் வானமே தடை போடுகிறது. அந்த மாசங்களுக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று மாநில அரசு கொடுக்க ஆரம்பித்தது 2022இல்தான். அதற்கு முன்னால் அந்த மூணு மாசத்தை நாங்கள் கணக்கப்பிள்ளையிடம் முன்பணம் வாங்கிக் கழித்தோம். முன்பணம் வாங்கியவன் அடுத்த தையில் அதே அளத்துக்குத்தான் போகணும். படியாள் முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இதில் நெல்லுக்குப் பதில் ரூபாய்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியதற்கும் மேலே. குளங்கள் உடைந்தன, கோரம்பள்ளம் உடைந்தது. வருஷமெல்லாம் எங்களுக்கு வராத ஆத்துத்தண்ணி ஒரே ராத்திரியில் வீட்டுக்குள் வந்தது. பாத்தி, வரப்பு, தெப்பம், அம்பாரம் எல்லாம் ஒரே ஏரி. எத்தனை டன் உப்பு கரைந்தது என்று பத்திரிகையில் கணக்கு வந்தது. மோசமாகப் பாதித்த இடங்களில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு சேதம் எழுத ஒரு அதிகாரி எங்க தெருவுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம், “உங்களுக்கு எத்தனை ஏக்கர் போச்சு?” என்று கேட்டார். பெரியம்மா, “ஏக்கர் கணக்கு எனக்குத் தெரியாதுய்யா. எத்தனை பாத்தின்னு கேளுங்க, சொல்லுதேன்” என்றார். அவர் எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த வருஷம் எங்க ஆட்கள் பாத்தி மிதிக்க இறங்கியபோது மாசி பிறந்துவிட்டது.